இயற்கைப் பொருள்தான், ஆனாலும் ஏன் அரிக்கிறது?

"கெமிக்கல் இல்லாததைத்தான் பார்த்து வாங்கினேன், அப்புறமும் முகம் சிவந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் போதும், உடனே மூன்று பதில்கள் வந்து விழும். ஒருவர் "அதில் கண்டிப்பாக எதையோ கலந்திருப்பான்" என்பார். இன்னொருவர் "உனக்கு உடம்புச் சூடு" என்பார். மூன்றாமவர் "உள்ளே இருக்கிற நச்சு வெளியே வருகிறது, ஒரு வாரம் விடாமல் போடு, தானாகச் சரியாகிவிடும்" என்பார். முதல் இரண்டையும் கேட்டுவிட்டுப் போய்விடலாம், பெரிய கேடு இல்லை. மூன்றாவதை நம்பித் தொடர்ந்து பூசியவர்கள்தான் கண் இமை வீங்கி, கன்னம் கசிந்து, தோல் மருத்துவர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தோல் வழியாக நச்சு வெளியேறும் அறிகுறி என்று ஒன்று கிடையவே கிடையாது. சிவப்பும் அரிப்பும் வந்தால், பூசியதைத் தோல் ஏற்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான்.

ஏன் ஏற்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் பொதுவாக "சேரலை", "ஒத்துக்கலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பிரச்சினைக்குள் முற்றிலும் வேறான இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் பலன் இருக்காது, அதனால் முதலில் இரண்டையும் பிரித்துவிடலாம்.

கருணைக்கிழங்கும் மாம்பழத் தோலும்

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். என் கை, உங்கள் கை, சமையல்காரர் கை என்று பேதம் கிடையாது. கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கிறது, வெட்டியதும் அது தோலில் குத்துகிறது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் அரிப்பு குறையும், நிறைய நறுக்கினால் கூடும், நறுக்குவதை நிறுத்திக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது எரிச்சல்.

மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிடுவது வேறு கதை. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, ஒரே ஒருவருக்கு மட்டும் இரண்டு நாள் கழித்து உதட்டைச் சுற்றிப் பொரிப்பொரியாக எழும்பி அரிக்கும். பழத்தின் தோலிலும் காம்புப் பாலிலும் உள்ள பிசின் போன்ற ஒரு பொருளை அவருடைய உடல் மட்டும் எதிரியாக அடையாளம் வைத்திருக்கிறது. அதே குடும்பத்துப் பொருள்தான் முந்திரிக்கொட்டையின் தோட்டிலும் சேராங்கொட்டையிலும் இருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணிக்கு அடையாளக் குறி போடச் சேராங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்திய காலத்தில், சட்டைக் காலரில் குறி இருந்த இடத்துக்கு நேராகப் பின்கழுத்தில் சிலருக்குப் புண் வந்ததை மருத்துவர்கள் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். துணி துவைத்து உலர்ந்த பிறகும் அந்தச் சிறு கறை போதுமானதாக இருந்திருக்கிறது. இது ஒவ்வாமை.

இரண்டுமே சுத்தமான இயற்கைதான், யாரும் எதையும் கலக்கவில்லை. இன்னும் சொன்னால், ஆரஞ்சுத் தோலின் வாசனை, கிராம்பின் காரம், எலுமிச்சைப் புல்லின் நெடி எல்லாம் நம் முகத்துக்காக உண்டானவை இல்லை, பூச்சியையும் பூஞ்சையையும் ஆடுமாடுகளையும் விரட்டச் செடி தன் உடம்பிலேயே காய்ச்சி வைத்திருக்கும் ரசாயனங்கள். அதைப் பிழிந்தெடுத்துச் செறிவாக்கிப் புட்டியில் அடைத்தால் வீரியம் பல மடங்காகும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஆயிரக்கணக்கான கிலோ இதழ் வேண்டும். துளசி இலை நாலு கசக்கிப் பூசுவதையும் துளசி எசென்ஷியல் ஆயிலை நாலு சொட்டு விடுவதையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்கலாம்.

எரிச்சல் யாருக்கும் வரலாம்

நம் தோலின் ஆக மேலே செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்குதான், கண் இமையில் இன்னும் மெலிது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இதை மேல்தோல் தடுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தடுப்பைக் கரைக்கிற, சுரண்டுகிற, குத்துகிற எதுவும் எரிச்சலைத் தரும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பிஹெச் அளவில் 5-க்குப் பக்கம் (இந்த அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும்). எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே. அதாவது தோல் பழகிய நிலையைவிடப் பல நூறு மடங்கு அதிக அமிலம், அதை "கருமை போகும்" என்று அரை மணி நேரம் ஊறவைத்தால் முகம் எரியாமல் என்ன செய்யும். பூண்டை நசுக்கி முகப்பருவில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் தீக்காயம்போல் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் இருக்கிறார்கள். வாசனைப் பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய் எல்லாம் நேராகப் பட்டால் இதே வகைதான்.

எரிச்சலுக்கு அளவும் நேரமும்தான் கணக்கு. நீர்த்தால் குறையும், சீக்கிரம் கழுவினால் குறையும். தடுப்பு ஏற்கெனவே நொந்திருந்தால் கூடும். தினமும் கடலை மாவால் அழுத்தித் தேய்த்து, நுரை அதிகம் வரும் சோப்பால் மூன்று வேளை கழுவி, இரவில் முகச் சுருக்கத்துக்கான ரெட்டினால் க்ரீம் போடுகிறவருக்கு வெறும் கற்றாழை ஜெல்கூடச் சுள்ளென்று இருக்கும். கற்றாழையின் மேல் தப்பில்லை, கதவு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. சிறு வயதிலிருந்தே வறட்டுத் தோலும் கரப்பானும் உள்ளவர்களுக்கு இது பிறவியிலேயே கொஞ்சம் தளர்வான கதவு, அதனால் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அவஸ்தைப்படுவார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எரிச்சல் யாருக்கும் வரும், பட்ட இடத்திலேயே பெரும்பாலும் சீக்கிரமே தெரியும், அரிப்பைவிட எரிவு தூக்கலாக இருக்கும், நிறுத்தித் தோலைத் தேறவிட்டால் போய்விடும். பிறகு குறைந்த அளவில் அதே பொருளைத் தாங்கிக்கொள்ளவும் முடியலாம்.

ஒவ்வாமை: வெள்ளை வேட்டியில் ஏறிய சாயம்

ஒவ்வாமைக்கு வருவோம், இதுதான் சுவாரசியமானது, பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

ஒரு வீட்டில் வெள்ளை வேட்டிகளை ஊறவைத்த வாளிக்குள் யாரோ ஒரு புதுச் சிவப்புத் துண்டைப் போட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டிலிருந்து கழன்ற சாயம் தண்ணீரில் இருக்கும்வரை யாரும் கண்டுகொள்வதில்லை. அது வேட்டியில் ஏறி இளஞ்சிவப்பாக்கிய பிறகு, கொடியில் காயும் அந்த வேட்டியைப் பார்த்து வீட்டுக்காரர் "இது நம்முடையது இல்லையே" என்று எடுத்து வெளியே எறிகிறார். வேட்டி அவருடையதுதான், ஏறிய நிறம்தான் வெளியாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த நிறம் லேசாகத் தென்பட்டாலே ரகளைதான்.

தோலில் நடப்பதும் இதுவே. பூசிய பொருளில் உள்ள சில மூலக்கூறுகள் மிகச் சிறியவை. மேல்தோல் தடுப்பைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 500 டால்டன் எடைக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு பொதுக் கணக்கு. டால்டன் என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் அளவு, தண்ணீர் 18 டால்டன். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் 136, லாவண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் உள்ள லினலூல் 154, கிராம்பின் யூஜினால் 164, மஞ்சளின் குர்குமின் 368. எல்லாம் தாராளமாக நுழையும். ஆனால் இவ்வளவு சின்னதை நோய் எதிர்ப்பு அமைப்பு தனியாகப் பார்த்தால் பொருட்படுத்தாது. உள்ளே போய் நம் தோலின் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் தோற்றத்தை மாற்றும்போதுதான் வினை தொடங்குகிறது. இப்படி ஒட்டிக்கொண்டு கெடுக்கும் சிறு மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர். வாளியில் கழன்ற சாயம் அதுதான்.

மேல்தோலுக்குள் காவல் சுற்றும் செல்கள் உண்டு. 1868-இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்பவர் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோதே இவற்றைக் கண்டுபிடித்தார், கைகால் விரித்த வடிவத்தைப் பார்த்து நரம்பு செல்கள் என்று நினைத்துவிட்டார், ஆனாலும் லாங்கர்ஹான்ஸ் செல் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. நிறம் மாறிய புரதத்தை இந்தச் செல்கள் எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே இருக்கும் டி செல்களிடம் காட்டுகின்றன. டி செல் என்பது குறிப்பிட்ட ஒரு அடையாளத்தைத் தேடித் தாக்கும் வெள்ளை அணு. அடையாளம் பொருந்துகிற டி செல்கள் பெருகி, நினைவில் வைத்துக்கொண்டு, உடல் முழுவதும் சுற்றக் கிளம்பிவிடும். இதற்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் வெளியே ஒரு சிவப்புப் புள்ளிகூடத் தெரியாது.

சிலருக்கு இந்த முதல் கட்டம் பத்து நாளில் முடியும், சிலருக்குப் பத்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் நடக்கும். "இத்தனை வருஷமா இதைத்தானே போடுறேன், இதுவா காரணமா இருக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. முதல் தடவை போட்ட பொருளுக்கு ஒவ்வாமை வர முடியாது (ஏற்கெனவே வேறு எதிலோ அதே மூலக்கூறைச் சந்திக்காதவரை). வருடக்கணக்கில் பழகிய பொருள்மேல்தான் சந்தேகம் முதலில் போக வேண்டும், நாம் செய்வதோ தலைகீழ்: நேற்று வாங்கிய புதுக் க்ரீமைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மா காலத்திலிருந்து வரும் எண்ணெயைத் தொடர்கிறோம்.

ஒருமுறை நினைவு பதிந்த பிறகு அந்த மூலக்கூறு மறுபடி பட்டால், ரோந்தில் இருக்கும் டி செல்கள் வந்து கூட வேண்டும், அதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை அரிக்கும். புதன் காலையில் போட்ட சோப்பு பழியைச் சுமக்கும். இந்தத் தாமதம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

(பூசிய சில நிமிடங்களில் கொசுக்கடிபோலத் தடித்து, சில மணி நேரத்தில் மறைந்துவிடுவது மூன்றாவதாக ஒரு வகை, காணாக்கடி என்று சொல்வோமே, அது. பொறிமுறையே வேறு. அதோடு உதடு, நாக்கு வீங்கினால் அல்லது மூச்சு வாங்கினால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.)

ஒவ்வாமையின் சுருக்கம் இது: சிலருக்கு மட்டும், பழகிய பிறகு, தாமதமாக வரும், எரிவைவிட அரிப்பு தூக்கலாக இருக்கும், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். அளவைக் குறைப்பதால் தீராது. நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், அதனால் அந்த மூலக்கூறின் பெயரைக் கண்டுபிடித்து ஒதுக்குவது ஒன்றே வழி.

பழைய புட்டி புதுப் புட்டி இல்லை

இயற்கை எண்ணெய்களில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், காற்று. லிமோனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது ஒவ்வாமையைத் தூண்டும் திறன் மிகக் குறைவு. புட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருக்கும்போது அவை ஹைட்ரோபெராக்சைடு என்ற வேறு பொருளாக மாறுகின்றன, புரதத்தில் போய் ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரப் பொருள் அது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் இதைத் துருவித் துருவிப் பார்த்து நிறுவினார்கள். ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ ஆயிலும் அப்படியே. பருவுக்கு நல்லது என்று வாங்கி, பாத்ரூம் ஜன்னல் ஓரம் வெயில் படும்படி வைத்து, பாதி தீர்ந்து மீதிப் பாதி காற்றோடு இருக்கும் அந்தப் புட்டியில், கடையில் வாங்கியபோது இருந்த எண்ணெய் இப்போது இல்லை. மூக்கில் வைத்துப் பார்த்தால் டர்பன்டைன் போன்ற ஒரு கூர்மையான நெடி வரும். மருந்து நெடி என்று நினைத்துப் பூசிவிடாமல் குப்பையில் போட வேண்டிய நிலை அது.

கையால் செய்த சோப்பு, வீட்டில் காய்ச்சிய க்ரீம் விற்பவர்கள் "பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எண்ணெய் கெடாமல் தடுக்கும் பொருளும் சேர்க்கவில்லை என்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று எனக்குச் சந்தேகம்தான். குளிர்ந்த, இருட்டான இடத்தில் சின்னப் புட்டியாக வைத்துச் சில மாதங்களில் தீர்த்துவிடுவது நல்லது.

வெயில் சேர்ந்தால்

இதையும் ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை, நாரத்தை, பெர்கமாட் போன்ற சிட்ரஸ் வகைகளின் தோலில் ஃபுரோகூமரின் என்ற பொருள் உண்டு. தோலில் அது பட்டு, மேலே வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால், யாராக இருந்தாலும் வெந்துபோகும். சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாகக் கொப்புளம், பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மறையாத கருப்புத் தழும்பு. முகக் கருமை போக எலுமிச்சை தேய்த்துவிட்டு வண்டியில் வெயிலில் போனவர்கள் இன்னும் கறுத்துத் திரும்புவது இதனால்தான். பெர்கமாட் எண்ணெய் வாங்கினால் அதில் இந்தப் பொருள் நீக்கப்பட்டதா என்று லேபிளில் பாருங்கள்.

லேபிளில் எங்கே ஒளிந்திருக்கிறது

ஒரு "முழுக்க இயற்கை" லாவண்டர் க்ரீமின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்போம். தண்ணீர், ஷியா வெண்ணெய், தேன்மெழுகு, லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா ஆயில், சிட்ரஸ் பீல் ஆயில், கடைசியில் குட்டி எழுத்தில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரல். கடைசி நான்கைப் பார்த்ததும் "பாத்தியா, கெமிக்கல்!" என்று சொல்லத் தோன்றும். அவை தனியாகக் கலந்தவையாக இருக்க வேண்டியதில்லை, மேலே சொன்ன லாவண்டர், சிட்ரஸ் எண்ணெய்களுக்குள்ளேயே இருப்பவைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும், செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்பது கேள்வியே இல்லை. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டி நீட்டப்பட்டது. அங்கே விற்கும் சரக்கில் இந்தப் பெயர்கள் கிடைக்கும். நம் ஊர்ப் பொருள்கள் பலவற்றில் "பெர்ஃப்யூம்" அல்லது "ஃப்ரேகரன்ஸ்" என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிடும், அதற்குள் ஐம்பது பொருள் இருக்கலாம்.

வாசனை இல்லாதது என்று போட்டிருப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "அன்சென்டெட்" என்றால் மணம் தெரியவில்லை என்றுதான் பொருள், எண்ணெய் வாடையை அமுக்க வேறொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். "ஃப்ரேகரன்ஸ் ஃப்ரீ" என்பது அதைவிடத் தேவலை, ஆனால் அதிலும் செடிச் சாறு, எசென்ஷியல் ஆயில் என்று பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்ட வரையறை கிடையாது, தயாரிப்பாளர் விரும்பினால் அச்சிட்டுக்கொள்ளலாம்.

வாசனை தவிர வேறு சில இயற்கைப் பெயர்களும் மனத்தில் இருக்கட்டும். ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின், உதட்டு பாமிலும் வெடிப்புக் க்ரீமிலும் வரும். தேனீக்கள் கூடு அடைக்கும் பிசினான புரோபொலிஸ் இப்போது எல்லா "ஆர்கானிக்" உதட்டு பாமிலும் மோஸ்தராகிவிட்டது. பெரு பால்சம் என்ற மரப்பிசின் ஒன்று, பெயர்தான் பெரு, எடுக்கப்படுவது எல் சால்வடாரில். சாமந்தி, கெமோமில், காலெண்டுலா, ஆர்னிகா எல்லாம் ஒரே செடிக் குடும்பம், அதே குடும்பத்தில்தான் நம் ரோட்டோரம் முளைத்துக் கிடக்கும் பார்த்தீனியமும் இருக்கிறது. பார்த்தீனியத்துக்கு முகமும் கழுத்தும் அரித்துத் தடிக்கிறவர்கள் "மென்மையானது, குழந்தைக்கு ஏற்றது" என்று விற்கப்படும் கெமோமில் க்ரீமைப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் ஆகாது, சிலருக்கு ஆகும்.

மஞ்சள், குங்குமம் பற்றிக் கேட்பார்கள். மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, அரிது, ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குங்குமத்தில் பெரும்பாலும் சேர்க்கும் சாயமும் வாசனையும்தான் காரணம். மருதாணி இலையும் அப்படித்தான், அரைத்துப் பூசும் இலைக்கு ஒவ்வாமை மிக அபூர்வம். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கருப்பு மெஹந்தி கோனில் இருப்பது இலையே இல்லை, முடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற பொருள், அது தோலில் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் எழுப்பும். அதைக் கல்யாண வீட்டில் குழந்தைகளுக்குப் போட்டு விடுகிறார்கள், எனக்கு இதில் கோபமே வரும்.

நிறுத்துவது, ஒவ்வொன்றாகத் திரும்புவது

தோல் கலவரமாக இருக்கும்போது எதையும் ஆராய முடியாது. முதலில் முகத்துக்கும் தலைக்கும் போகும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்: சீரம், ஃபேஸ் பேக், நலங்கு மாவு, வாசனை எண்ணெய், உதட்டு பாம், எல்லாம். வாசனையில்லாத மிதமான சோப்பு அல்லது க்ளென்சர் ஒன்று, மேலே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததைப் பூசச் சொல்கிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒவ்வாமைச் சோதனை செய்யும்போது, சோதிக்க வேண்டிய பெரும்பாலான பொருள்களைக் குழைத்து வைப்பதே இந்த ஜெல்லியில்தான், காரணம் இதற்கு ஒவ்வாமை வருவது அவ்வளவு அபூர்வம். எரிச்சலாக இருந்தால் ஓரிரு வாரத்தில் தெளியத் தொடங்கும். ஒவ்வாமை இன்னும் கொஞ்சம் இழுக்கும், பொறுமை வேண்டும்.

தெளிந்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு, ஒரே நாளில் மூன்றைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தைத் தேர்ந்துகொண்டு, காலை மாலை இரண்டு வேளையும், குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் அந்தப் பொருளைத் தடவிக்கொண்டே வர வேண்டும். கடைக்காரர் சொல்வதுபோல் காதுக்குப் பின்னால் தடவி ஒரு மணி நேரம் பார்ப்பது எரிச்சலைக் காட்டலாம், ஒவ்வாமையைக் காட்டாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும், டி செல்கள் வந்து சேர நாளாகும். பூசி விட்டுவிடும் க்ரீம், எண்ணெய், லோஷனுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. சோப்பு, ஷாம்பு போன்றவற்றை இப்படிச் செய்தால் நல்ல தோலும் புண்ணாகும். நீர்க்காத எசென்ஷியல் ஆயிலை ஒருபோதும் நேராக வைக்கக் கூடாது, சோதனையே ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

அரிப்பு வந்த இடத்தை மட்டும் பார்த்துக் குற்றவாளியைத் தேடவும் கூடாது. என் அத்தை மகளுக்குக் கண் இமை மட்டும் தடித்து உரிந்துகொண்டே இருந்தது, கண் மை, ஐலைனர், முகக் க்ரீம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தியும் அடங்கவில்லை, கடைசியில் பார்த்தால் தலைக்குத் தேய்க்கும் மூலிகை எண்ணெய். உச்சந்தலைத் தோல் தடித்தது, தாங்கிவிட்டது, குளிக்கும்போது வழிந்த எண்ணெய் மெல்லிய இமையில் வேலையைக் காட்டியிருக்கிறது. நகப்பூச்சும் இப்படித்தான், விரலில் ஒன்றும் தெரியாது, கண்ணைக் கசக்கிய இடத்தில் தெரியும்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

வீட்டுச் சோதனையில் பிடிபடாவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால், பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. யோசெப் யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-இல் தொடங்கி வைத்தது, அடிப்படை இன்னும் மாறவில்லை. சிறு சிறு அலுமினியக் கிண்ணங்களில் சந்தேகப் பொருள்களை வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கும், முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்க ஓடியாடக் கூடாது, நம் ஊர் மே மாதத்தில் இதைச் செய்துகொள்வது தண்டனை, மார்கழி தை பார்த்துப் போங்கள். 48 மணி நேரத்தில் எடுத்து ஒருமுறை பார்ப்பார்கள், மறுபடி மூன்றாம் அல்லது நான்காம் நாள் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை போகாமல் விட்டால் பாதிச் சோதனைதான் ஆகியிருக்கும். பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்கிறார்கள். வழக்கமான பட்டியலில் இல்லாததைச் சோதிக்க, நீங்கள் பூசும் பொருள்களையும் அட்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

ரத்தம் எடுத்து "நூறு பொருள் அலர்ஜி பேக்கேஜ்" என்று ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் விற்கிறார்களே, அது இதற்கு உதவாது. அந்தச் சோதனைகள் பார்ப்பது பொதுவாக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை, உடனடியாகத் தடிக்கும் வகைக்கு உரியது அது. க்ரீம் ஒவ்வாமையைச் செய்வது டி செல், அது ரத்த அறிக்கையில் வராது. அறிக்கையில் கத்தரிக்காய்க்குக் குறி போட்டு வந்திருக்கும், நீங்கள் கத்தரிக்காயை விட்டுவிட்டு லாவண்டரைத் தொடர்ந்து பூசிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று வாங்குவது. பெரும்பாலும் கையில் வருவது குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கும். இரண்டே நாளில் மாயம்போல அடங்கும். காரணமான பொருளும் தொடர்வதால் நிறுத்தியதும் திரும்ப வரும், மறுபடி போடுவீர்கள், சில மாதங்களில் முகத் தோல் மெலிந்து, சிவப்பு ரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தவே முடியாத நிலை வரும். ஸ்டீராய்டு கெட்டது என்று சொல்லவில்லை, மருத்துவர் எந்த வலுவில், எத்தனை நாள், எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், கண் மூடும் அளவுக்கு வீங்கினால் ட்யூபோடு உட்காராமல் அன்றே போங்கள்.

பெயர் தெரிந்த பிறகு

சோதனையில் பெயர் கிடைத்துவிட்டால் பாதி நிம்மதி. அந்தப் பெயர்களை, செடியின் லத்தீன் பெயரோடு சேர்த்து, போனில் ஒரு படமாக வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நின்றுகொண்டு நினைவிலிருந்து தேட முடியாது. பார்லருக்குப் போனால் ஃபேஷியலுக்கு முன்னால் காட்டுங்கள். வாங்கிய பொருளுக்கே "புதிய, மேம்பட்ட" என்று போட்டு உள்ளே மாற்றிவிடுவார்கள், அதனால் பழகிய க்ரீமானாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. பாத்திரம் துலக்கும் லிக்விட், தரை துடைக்கும் திரவம், துணிக்குப் போடும் வாசனைத் தண்ணீர் எல்லாவற்றிலும் இதே லிமோனீனும் லினலூலும்தான் மணக்கின்றன, கையுறை உதவும், அதுவும் உள்ளே காய்ந்ததாக இருந்தால்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தோலில் லினலூல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் கொத்தமல்லி ரசம் தாராளமாகச் சாப்பிடலாம், மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் மட்டும் ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றையும் நிறுத்தியும் ஒரு பக்கக் கன்னம் மட்டும் அடங்கவில்லை என்றால், அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று பாருங்கள். கணவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஆஃப்டர் ஷேவ், குழந்தைக்குப் பூசிவிடும் லோஷன் எல்லாம் தலையணை உறை வழியாகவும் கட்டிப்பிடிப்பதாலும் உங்கள் தோலுக்கு வந்து சேரும். உறையைத் துவைத்துவிட்டு, அவர் எண்ணெயை இரண்டு வாரம் மாற்றச் சொல்லிப் பாருங்கள், கேட்டால் முணுமுணுப்பார், பரவாயில்லை.